நீல ஆயிலா, சிவப்பு ஆயிலா?

ஜெனரல் மோட்டார்ஸ் 1990-களின் கடைசியில் விசையை முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் ‘ஆட்டோட்ராக்’ டிரான்ஸ்ஃபர் கேஸைப் பெரிய டிரக்குகளில் பொருத்தத் தொடங்கியதிலிருந்து, அமெரிக்காவில் ஓடும் சில்வராடோ, சியரா, டாஹோ வண்டிகளுக்கு இரண்டு வகை ஆயில் தேவைப்படுகிறது. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு டிரக்குகளில் ஒன்றுக்குச் சிவப்பு டெக்ஸ்ரான், மற்றதற்கு நீல ஆட்டோட்ராக் 2. பனி விழத் தொடங்குமுன் ஆயிலை மாற்றிவிட நினைக்கும் வாசகர்களின் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் குழப்பம் இதுதான்.

1999 முதல் 2006 வரையிலான டிரக்குகளில், டாஷ்போர்டில் ஃபோர் வீல் டிரைவ் பொத்தான்களோடு ‘ஆட்டோ’ என்று ஒன்றும் இருந்தால் நீல ஆயில். அவற்றின் கிளவ் பாக்ஸ் ஸ்டிக்கரில் ‘என்.பி.8’ என்ற குறியீடு இருந்தாலும் அதே முடிவு. வடித்த ஆயிலின் நிறத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. பழைய ஆயில் எந்த நிறத்தில் தொடங்கியிருந்தாலும் கறுத்திருக்கும். முந்தைய உரிமையாளர் சரியானதைத்தான் ஊற்றினார் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

நீல ஆயில் ஏன் வேறு என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ‘ஆட்டோ’வில் ஓடும்போது, முன் தண்டும் பின் தண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல்வதைக் கண்டால் கணினி ஒரு சிறு மோட்டாரைத் திருப்புகிறது. அது ஆயிலில் மூழ்கிய கிளட்ச் தட்டுகளை நெருக்குகிறது. எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு விசை முன்சக்கரங்களுக்குப் போகிறது. தட்டுகள் முழுக்கப் பிடித்துக்கொள்ளவும் கூடாது, முழுக்க விடவும் கூடாது. நழுவிக்கொண்டே விசையைக் கடத்த வேண்டும்.

உராய்வின் இயல்பு இதற்கு நேர் எதிரானது. பீரோவைத் தள்ளும்போது முதலில் முரண்டு பிடித்துவிட்டுப் பிறகு சட்டென்று நகர்வதுபோல, நின்றிருக்கும் பரப்புகள் அதிகம் ஒட்டும், நழுவும் பரப்புகள் குறைவாக ஒட்டும். வாகன நிறுத்தத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திருப்பினால், முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிகத் தூரம் ஓடியாக வேண்டும். அப்போது தட்டுகள் மிக மெதுவாக நழுவுகின்றன. சாதாரண ஆயிலில் அவை ஒட்டும், விடும், மறுபடி ஒட்டும். இந்த மாற்றம் வேகமாக நடக்கும்போது வண்டி உடம்பு அதிரும், அடியில் முறுமுறுப்புக் கேட்கும்.

இதைத் தடுக்கவே உராய்வைத் திருத்தும் சேர்மானங்கள் கலக்கப்படுகின்றன. அவை நீண்ட மூலக்கூறுகள். ஒரு முனை தட்டின் பரப்பைப் பற்றிக்கொள்ள, மறுமுனை ஆயிலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். மெதுவாக நழுவும்போது இந்தப் படலம் பிடிப்பைக் குறைக்கிறது. நழுவும் வேகம் கூடினால் பிடிப்பும் கூடுகிறது. இயல்பான உராய்வையே தலைகீழாக்கும் வேலை இது. ஒரு திரவத்தால் இதைச் சாதித்திருப்பது உண்மையிலேயே பெரிய கெட்டிக்காரத்தனம். ஆனால் சேர்மானம் அளவுக்கு மிஞ்சினால், பனியில் பிடிக்க வேண்டிய தட்டுகள் வழுக்கிச் சூடாகிக் கருகும். தட்டின் மேற்பரப்பும் சேர்மானத்தின் அளவும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ஆகவே இங்கே ஆயிலையும் கிளட்சின் ஒரு பாகமாகவே எண்ண வேண்டும்.

சேர்மானம் வெப்பத்தில் தேய்கிறது. மொத்தக் கொள்ளளவே சுமார் 2 லிட்டர். தட்டுகளிலிருந்து உதிரும் தூளும் அதிலேயே தங்குகிறது. ‘ஆயுள் முழுமைக்கும் போதும்’ என்ற விளம்பர வாசகத்தை இந்த நிலையில் நம்புவது கடினம். யாருடைய ஆயுள் என்று எந்த நிறுவனமும் தெளிவாகச் சொல்வதில்லை. ஆட்டோட்ராக் கேஸுக்கு ஜெனரல் மோட்டார்ஸின் அந்தக் காலக் கையேடே சுமார் 80,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொன்னது.

புட்டியின் முதுகில் உள்ள வாசகமும் கவனித்துப் படிக்க வேண்டியது. ‘இன்ன வண்டிகளில் பயன்படுத்தலாம்’ என்பது விற்பவரின் சொல். ‘உரிமம் பெற்றது’ என்பது வேறு. டெக்ஸ்ரான் 6 உரிமம் பெற்ற புட்டியில் ‘ஜே’ என்று தொடங்கும் எண் இருக்கும். டெக்ஸ்ரான் 3-க்கான உரிமங்களை ஜெனரல் மோட்டார்ஸ் 2006-ம் ஆண்டு இறுதியோடு நிறுத்திவிட்டது. இன்று அந்தப் பெயரில் வருவதற்குப் பின்னால் விற்பவரின் வாக்கு மட்டுமே நிற்கிறது. எல்லா வண்டிக்கும் பொருந்துவதாகச் சொல்லும் புட்டிகளைச் சந்தேகத்தோடு பார்ப்பதே நல்லது, ஏனெனில் ஒரு கிளட்ச் கேட்கும் உராய்வை இன்னொன்று ஏற்பதில்லை.

கம்பெனி ஆயில் ஊற்றாவிட்டால் வாரண்டி போய்விடும் என்று சர்வீஸ் சென்டரில் சொல்வது சரியல்ல. அமெரிக்காவில் 1975-ல் வந்த மேக்னுசன்-மாஸ் வாரண்டிச் சட்டப்படி, இலவசமாகத் தராத பொருளைக் குறிப்பிட்ட பிராண்டில்தான் வாங்க வேண்டும் என்று பொதுவாக நிபந்தனை போட முடியாது. ஆனால் தவறான ஆயிலால் பாகம் கெட்டால் அந்தச் செலவு உரிமையாளருடையதே.

ஆட்டோட்ராக்கில் முதல் தலைமுறைப் பெட்டிக்கு ஒரு தனிக் குறை உண்டு. உள்ளே இருக்கும் ஆயில் பம்ப், மக்னீசியக் கூட்டின் பின்பாதியில் உரசி உரசி ஊசித்துளை போட்டுவிடும். துளை ஆயில் மட்டத்துக்கு மேலே இருப்பதால், நிறுத்திய வண்டியின் கீழே ஒரு சொட்டும் விழாது; ஓடும்போது மட்டும் ஆயில் பீய்ச்சி அடித்து வண்டியின் அடிப்பகுதியில் பூசிக்கொள்ளும். கேஸின் பின்பாதி மேல்புறம் ஆயில் ஈரமும் தூசியும் அப்பிக் கிடந்தால், ஆயில் மாற்றுவதற்கு முன் அதைக் கவனிக்க வேண்டும்.

மற்ற கேள்விகள் சுருக்கமாக. ஜீப் கிராண்ட் செரோக்கீ, 1999–2004, குவாட்ரா-ட்ராக் 2: அதற்கென்றே தயாரிக்கப்பட்ட ஆயில் மட்டும். விஸ்கஸ் கப்ளிங் உள்ள கேஸ்: கப்ளிங்கின் சிலிக்கோன் திரவம் தனியே மூடி முத்திரையிடப்பட்டது, ஆயில் மாற்றினால் கெட்ட கப்ளிங் சரியாகாது. கியர் ஆயில் ஊற்றலாமா: கிளட்ச் உள்ள கேஸில் கூடாது. வேலையின் வரிசை: முதலில் நிரப்பும் பிளக்கைக் கழற்றிப் பார்த்த பிறகே வடிகால் பிளக்கைத் தொட வேண்டும், மேல் பிளக் இறுகிக் கிடந்தால் வடித்த வண்டியை நிரப்ப வழியிருக்காது. அளவு: சமதளத்தில், நிரப்பும் துளையின் விளிம்பு வரை. சரியான ஆயில் மாற்றிய பிறகும் திருப்பத்தில் அதிர்வு நிற்கவில்லையென்றால்: நான்கு டயர்களின் தேய்மானத்தையும் அளக்க வேண்டும், முன்னும் பின்னும் சுற்றளவு வேறுபட்டால் கிளட்ச் நேர்சாலையிலும் நழுவிக்கொண்டே இருக்கும்.