ஒரே நாளில் 36 முறை திறக்கும் கதவு

பக்கவாதம் வந்தவருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்ட பின், முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை, அடுத்த 6 மணி நேரம் அரை மணிக்கு ஒரு முறை, பிறகு 24 மணி நேரம் முடியும்வரை மணிக்கு ஒரு முறை அவரைப் பார்த்தாக வேண்டும். ரத்த அழுத்தம், பேச்சு, கை கால் அசைவு எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும். கூட்டினால் 36 முறை. மூளைக்குள் ரத்தம் கசிந்தால், பெரும்பாலும் இந்தச் சோதனைதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

2020-ல் கொரோனா பரவியபோது நரம்பியல் ஐசியுக்கள் திணறியது இங்கேதான். ஒவ்வொரு முறையும் கவச உடையும் என்95 முகக்கவசமும் அணிந்து நுழைய வேண்டும். வெளியே வரும்போது, கையில் கிருமி ஒட்டாமல் கழற்ற வேண்டும். போவதைக் குறைத்தால் செவிலியருக்கு நல்லது. ஆனால் கண்ணின் பாவை விரிந்தது ஒரு மணி நேரம் தாமதமாகத் தெரிந்தால் நோயாளியின் உயிருக்கே ஆபத்து.

நினைவிழந்தவர் தொண்டை வலிக்கிறது என்று சொல்ல மாட்டார். காய்ச்சலை வைத்தும் கொரோனா என்று முடிவுகட்ட முடியாது. மூளை ரத்தக்கசிவே காய்ச்சலைக் கொண்டுவரும். அதனால் பரிசோதனை முடிவு வரும்வரை எல்லோரையும் தொற்றுள்ளவராகவே கருதினார்கள். மருந்து செலுத்தும் பம்புகளை நீளமான குழாய் போட்டு அறைக்கு வெளியே வைத்த மருத்துவமனைகளும் உண்டு. அளவை மாற்ற உள்ளே போக வேண்டாம். ஆனால் புதிய அளவு உடலைச் சேரச் சற்று நேரம் பிடிக்கும்.

சளி உறிஞ்சுவது மிக ஆபத்தான வேலைகளில் ஒன்று. வென்டிலேட்டர் குழாயைக் கழற்றினால் நோயாளியின் மூச்சு செவிலியரின் முகத்தில் அடிக்கும். மூடிய முறையில் குழாயைக் கழற்றவே தேவையில்லை. பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் மெல்லிய குழாயை அப்படியே உள்ளே தள்ளி உறிஞ்சிவிடலாம். இருமினால் மண்டைக்குள் அழுத்தம் ஏறும் என்பதால், தேவைப்பட்டால் முன்னதாகவே மயக்க மருந்தைக் கூட்டுவார்கள்.

இவ்வளவு கவனத்துக்கு நடுவிலும் வேறு தொற்றுகள் தலைதூக்கின. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், ஒரு மருத்துவமனையின் கொரோனா பிரிவில் 2020 ஆகஸ்ட்டில் 67 பேரைச் சோதித்தபோது 35 பேரிடம் கேண்டிடா ஆரிஸ் என்ற பூஞ்சை இருந்தது. ஊழியர்கள் அங்கிமேல் அங்கி, கையுறைமேல் கையுறை அணிந்திருந்தார்கள். அடி அடுக்கை மாற்றாமலே நோயாளிக்கு நோயாளி போனார்கள். ஊழியரைக் காத்த கவசம் நோயாளிகளைக் காக்கவில்லை. அதே ஆண்டின் கடைசிக் காலாண்டில், மைய ரத்தநாளக் குழாய் வழியாக வரும் ரத்தத்தொற்று அமெரிக்க மருத்துவமனைகளில் 2019-ஐவிட 47% கூடியது.

நரம்பியல் ஐசியுவில் இத்தகைய தொற்று இன்னும் கொடியது. சிலருக்கு மூளைநீரை வடிக்க மண்டை ஓட்டில் துளையிட்டுக் குழாய் வைத்திருப்பார்கள். அதில் கிருமி ஏறினால் நேரே மூளையின் உள்ளறைக்குப் போய்விடும். அவசியமில்லாமல் அந்தக் குழாயைத் திறக்கக் கூடாது, மாதிரி எடுக்கக் கூடாது. தொடுவதற்கு முன் பழைய கையுறையைக் கழற்றி, கையைச் சுத்தம் செய்து, புதியதைப் போட வேண்டும். ஆள் பற்றாத இரவிலும் இதற்கு நேரம் ஒதுக்கும்படி பணிப்பட்டியல் போடுவது நிர்வாகத்தின் கடமை. செவிலியரின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது.