வண்டியை உயர்த்தும் வில்



தாராபுரத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் தோட்டங்களுக்குச் செல்லும் வழியை இட்டேரி என்பர். இருபுறமும் வேலி, நடுவே செம்மண் தடம். மாட்டு வண்டிச் சக்கரங்கள் தலைமுறை தலைமுறையாக உழுத இரண்டு பள்ளங்களுக்கிடையே மாட்டின் முதுகு போன்ற ஒரு மேடு எழுந்து நிற்கும். முருங்கைக்காயும் தேங்காயும் சின்ன வெங்காயமும் இன்று இவ்வழியில் பிக்கப் என்னும் சிறு சரக்கு வண்டியில்தான் வெளியேறுகின்றன. வண்டியின் அடிப்பாகம் அந்த மேட்டில் உரசாமல் இருக்க வேண்டுமென்று வில்லை மாற்றி வண்டியைத் தூக்கிக் கட்டுவோர் பலர். என்னிடம் பயின்ற ஒருவரும் அவ்வாறே செய்தார். மூலனூர்ப் பக்கம் முருங்கை ஏற்றுபவர் அவர். பின்புறத்தில் ஐந்து பட்டைகளாக இருந்த வில்லை ஏழாக்கி, இடையே ஓர் இரும்புக் கட்டையும் வைத்து, வண்டியை இரண்டங்குலம் உயர்த்திக்கொண்டார். மறுவாரமே, பின் அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரக் கூடு பழைய கல்லிலேயே மோதி எண்ணெய் கசிந்தது.

"சார், வண்டி உசந்துதுங்க, கூடு மட்டும் உசரலீங்களே!" என்று என்னிடம் வந்து நின்றார்.

அவர் கேட்டது நல்ல கேள்வி. விடை மிக எளியது. இத்தகைய வண்டிகளில் பின் அச்சு ஒரே தண்டாக, இரு சக்கரங்களையும் நேராக இணைத்து நிற்கிறது. அச்சின் மேல் வில். வில்லின் மேல் சட்டம். சட்டத்தின் மேல் பெட்டி. வில்லை எவ்வளவு உயர்த்தினாலும் அதற்கு மேலுள்ளவை உயருமேயன்றி, கீழுள்ள அச்சு உயராது. அச்சின் உயரத்தை உறுதி செய்வது சக்கரத்தின் ஆரம் ஒன்றே. ஆகவே, எந்த உறுப்பு எதில் இடிக்கிறது என்று முதலில் குனிந்து பார்த்தல் வேண்டும். சட்டமோ, எண்ணெய்த் தொட்டியோ, படியோ இடித்தால் வில் உதவும். கூடு இடித்தால் உதவாது.

இனி வில்லைப் பற்றிச் சற்று விரிவாகக் காண்போம். நம் முன்னோர் பார வண்டிக்கு வில் வைக்கவில்லை; மனிதர் ஏறும் வண்டிக்கு வைத்தனர். வில்வண்டி என்ற பெயரே அதைச் சொல்கிறது. இங்கிலாந்தில் ஒபதையா எலியட் என்பவர் பட்டைவில்லைக் கோச்சு வண்டிக்குப் பொருத்தும் முறைக்கு 1804-இல் காப்புரிமை பெற்றார். இன்றைய சரக்கு வண்டியின் பின்புறத்தில் இருப்பதும் அதன் வழிவந்ததே. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகளை நடுவில் ஒரு போல்ட்டாலும், அச்சோடு யு-போல்ட்களாலும் இறுக்கியிருப்பார்கள். பட்டறையில் இவற்றைப் பிளேட் என்பர்.

வில்லின் இயல்பை 1678-இல் ராபர்ட் ஹூக் வெளியிட்ட விதி விளக்குகிறது. சுமை இரு மடங்கானால் வில்லின் தாழ்வும் இரு மடங்காகும். ஒரு சென்டிமீட்டர் தாழ்வதற்கு எத்தனை கிலோ வேண்டும் என்பதே வில்லின் விறைப்பு. ஒரே தடிப்பும் அகலமும் உள்ள பட்டைகளாயின், எண்ணிக்கை கூடக்கூட விறைப்பும் அதே விகிதத்தில் கூடும் என்று பொதுவாகக் கொள்ளலாம். ஆனால் பட்டையின் தடிப்பைக் கூட்டினாலோ, விறைப்பு தடிப்பின் கன அளவில் ஏறும். தடிப்பு இரு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு! 'கொஞ்சம் கனமான பட்டையாகப் போடுங்கள்' என்று சொல்லுமுன் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

கணக்கின் வசதிக்காக, ஐந்து பட்டை வில் ஒன்றின் விறைப்பு சென்டிமீட்டருக்கு 50 கிலோ என்று கொள்வோம். வெறும் வண்டியில் ஒரு வில்லின் மேல் 150 கிலோ. அது 3 சென்டிமீட்டர் தாழும். சரக்கால் மேலும் 500 கிலோ ஏறினால் மொத்தத் தாழ்வு 13 சென்டிமீட்டர். பட்டைகள் ஏழானால் விறைப்பு 70 கிலோ ஆகும். சரக்குடன் தாழ்வு 9.3 சென்டிமீட்டர், ஆகவே சுமையோடு வண்டி ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கும். வெறும் வண்டியிலோ 3 என்பது 2.1 ஆகிறது, உயர்வு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவே. விறைப்பைக் கூட்டுவது சுமைக்கு மருந்து, உயரத்துக்கு மருந்தன்று. வெறும் வண்டி உயர வேண்டுமானால் பட்டையின் வளைவையே கூட்ட வேண்டும், அல்லது அச்சுக்கும் வில்லுக்கும் இடையே கட்டை வைக்க வேண்டும்.

இக்கணக்கு இன்னொன்றையும் காட்டும். வில்லின் மேலுள்ள பொருள் நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்பதை அதன் தாழ்விலிருந்தே அறியலாம். தாழ்வு குறையக் குறைய ஆட்டம் விரைவாகும். மேற்கண்ட வண்டி, ஐந்து பட்டையில் வெறுமையாக ஓடும்போது நொடிக்கு ஏறக்குறைய 2.9 முறை ஆடும். ஏழு பட்டையில் 3.4 முறை. சரக்கோடு ஐந்து பட்டையில் 1.4 முறையே. சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்புகையில் துள்ளுவதன் காரணம் இதுவே. துள்ளும்போது சக்கரம் கணப்பொழுது தரையை விடுகிறது. மழைநாளில், வளைவில், அந்தக் கணப்பொழுது போதும்.

அந்த ஆட்டத்தை அடக்குவதற்குத்தான் ஷாக் அப்சார்பர். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதிர்ச்சியைத் தாங்குவது வில். வில்லில் தங்கிய ஆற்றலை வெப்பமாக்கிப் போக்குவது இக்கருவி. ஆட்டமடக்கி என்று இதற்குப் பெயர் வைத்திருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும். உருளையினுள் எண்ணெய்; அதில் சிறு துளைகள் உள்ள ஓர் உந்துதண்டு. எண்ணெய் அத்துளைகள் வழியே நெருக்குண்டு செல்லும்போது அசைவு தணிகிறது. வண்டியின் எடையை இது சுமப்பதில்லை. எனவே, புது ஷாக் போட்டால் வண்டி உயரும் என்று எண்ணுவது பொதுவாகப் பொருந்தாது. பழைய வில்வண்டிக்கு இக்கருவி இல்லையே என்பீர்கள். பட்டைகள் ஒன்றோடொன்று உரசும் உராய்வே அங்கு ஓரளவு ஆட்டத்தை அடக்கியது.

வில்லுக்கு ஏற்ற ஷாக்கைத் தேர்வதில் இரண்டைக் கவனிக்க வேண்டும். முதலாவது வலிமை. அதே எடைக்கு வில்லின் விறைப்பு 1.4 மடங்கானால், அடக்கும் வலிமை அதன் வர்க்கமூலமாகிய சுமார் 1.18 மடங்காக வேண்டும். இரண்டாவது நீளம், பலர் தவறுவது இங்கேதான். வண்டியை 5 சென்டிமீட்டர் உயர்த்திவிட்டுப் பழைய ஷாக்கையே விட்டுவைத்தால், பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது தண்டு முழுதும் நீண்டு, தானே அச்சை இழுத்துப் பிடிக்கும் கயிறாகிவிடும். சில மாதங்களில் அதன் கண்ணி பிய்ந்துவிடும். மிக நீண்டதைப் போட்டாலோ, சுமையில் அச்சு மேலேறும்போது ரப்பர்த் தடுப்பு தொடுமுன் ஷாக்கின் அடி இடிக்கும். சக்கரம் தொங்கும் நிலை, முற்றும் மேலேறிய நிலை ஆகிய இரண்டையும் அளந்து, இரண்டுக்கும் இடங்கொடுக்கும் நீளத்தை வாங்குவதே முறை.

உயர்த்தும் வழிகளில் கட்டை வைப்பது மலிவு. ஆயினும் முன் அச்சில் அதை வைத்தலாகாது. வில்லின் நுனியைத் தாங்கும் ஷாக்கிளை 4 சென்டிமீட்டர் நீட்டினால் வண்டி உயர்வது 2 சென்டிமீட்டர் அளவே. முன்புறம் சுருள்வில் உள்ள வண்டிகளில், கம்பியின் விட்டத்தின் நான்காம் படியில் விறைப்பு ஏறும் என்பதை மட்டும் சொல்லி அப்பால் செல்கிறேன்.

உயர்த்திய பின் பார்க்க வேண்டியவையும் உண்டு. பிரேக் குழாய் போதிய நீளமா? முகப்பு விளக்கு எதிரில் வருவோர் கண்ணைக் கூசுகிறதா? பல சரக்கு வண்டிகளில், சட்டத்துக்கும் பின் அச்சுக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டு சுமையை மதிப்பிட்டு, பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு இருக்கிறது. வண்டியைத் தூக்கிக் கட்டினால் அது ஏமாறும். நிறைந்த வண்டியை வெறும் வண்டியென்று கருதிப் பின் பிரேக்கைத் தளர்த்திவிடும். அவ்வாறு தூக்கிய வண்டியில் பலர் இதைச் சரிசெய்வதேயில்லை என்பது எனக்குக் கவலையளிக்கிறது.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள், தயாரித்தவர் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. பட்டைகளைக் கூட்டியதால் அனுமதித்த சுமை கூடிவிடுவதுமில்லை.

என் மாணவரின் வண்டிக்கு வருவோம். சக்கர நடுவிலிருந்து வளைவு விளிம்புவரை இருபுறமும் அளக்கச் சொன்னேன். இடப்புறம் இரண்டரை சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது; அவ்வில்லின் பழைய பட்டைகள் படுத்துப் போயிருந்தன. கட்டையையும் கூட்டிய பட்டைகளையும் எடுத்துவிட்டு, இருபுறமும் தயாரிப்பாளர் அளவிலேயே புது வில்லும் அதற்குரிய ஷாக்கும் பொருத்தினார். பின்னர் ஒரு காலைப்பொழுதில் கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு போய், இட்டேரியின் நடுமேட்டை ஒரு சாண் தணித்து, அந்தக் கல்லையும் பெயர்த்து வேலியோரம் போட்டார்.