எண்ணூருக்கே திரும்பி வரும் உரம்

வயலில் நாம் தூவும் உர மூட்டைகளில் ஒரு பங்கு எண்ணூரில் தயாராகிறது. அங்குள்ள கோரமண்டல் இன்டர்நேஷனல் ஆலைக்கு வேண்டிய அமோனியா, கப்பலிலிருந்து கடலடிக் குழாய் வழியே கரைக்கு வந்துகொண்டிருந்தது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் அந்தக் குழாய் கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக இருட்டில் தெருவுக்கு ஓடிவந்தார்கள். 40-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தபோது காற்றில் கனமீட்டருக்கு 2090 மைக்ரோகிராம் அமோனியா இருந்தது, வரம்பு 400. கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம்; வரம்பு 5.

குழாய்மேல் போட்டிருந்த பாறைகள் மிக்ஜாம் புயலில் நகர்ந்து அதைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்றது அரசு அமைத்த குழு. புயல் அடித்தது டிசம்பர் 4-ஐ ஒட்டி. கசிந்ததோ மூன்று வாரம் கழித்து. இடையில் குழாயைப் பார்த்திருக்க வேண்டியவர் யார்?

ஆலை ஒரு பக்கம் இருக்கட்டும். திருவள்ளூர் மாவட்ட வயல்களின் வடிநீரைச் சுமந்துவரும் கொசஸ்தலை ஆறு கடலில் சேர்வதும் எண்ணூரில்தான். பெருமழைக்கு முந்தின நாள் தூவிய யூரியாவைப் பயிர் எடுப்பதற்குள் வெள்ளம் எடுத்துக்கொள்கிறது. கழிமுகத்தில் அது பாசியை வளர்க்கும். பாசி அழுகினால் நீரில் பிராணவாயு குறையும், இறால் சாகும். வானிலை அறிவிப்பைப் பார்த்து, உரத்தைப் பல தவணையாகப் பிரித்து, நீரை வடித்துவிட்டுத் தூவி, மடையை இரண்டு மூன்று நாள் அடைத்துவைத்தால் இழப்பு குறையும். மூட்டைக் காசும் மிஞ்சும். ஆனால் தூவும் கை பெரும்பாலும் நம்முடையது. நாளைக் குறிப்பவர் நிலக்காரர். கூலிக்குப் போகிறவர் “இன்று மழை வரும், வேண்டாம் ஐயா” என்று சொன்னால் கேட்கும் நிலக்காரர் எத்தனை பேர்?

ஆற்றின் கடைசியில் நிற்பவர்களும் நம்மவர்களே. பனையோலைப் பையை வாயில் கவ்விக்கொண்டு, இடுப்பளவு நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்குப் படகு கிடையாது, வலையும் கிடையாது. அதே டிசம்பரில் எண்ணெய் கலந்தபோது அரசு 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாயும் அறிவித்தது. படகை எண்ணுவது எளிது. வெறுங்கையை எப்படி எண்ணுவார்கள்? மீன்வளத் துறையும் ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத் துறையும் சேர்ந்து, கையால் மீன் பிடிப்போர் பட்டியலை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஊர் ஊராக எடுக்க வேண்டும். வெள்ளம் வந்தபின் எடுக்கும் கணக்கில் அவர்கள் பெயர் விட்டுப்போகும்.