டோக்கியோவுல தெருப் பேர் கிடையாது

போன எபிசோடுக்குப் பிறகு வந்த மெயில்கள்ல நிறைய பேர் கேட்டது ஒரே கேள்விதான்: "டோக்கியோவுல வேலை கிடைச்சிருக்கு, போனதும் முதல்ல என்ன பண்ணணும்?" யூடியூப்ல தேடினா ஷிபுயா கிராஸிங், ராமென், செர்ரிப் பூன்னு வரும். அதெல்லாம் ஓடிப்போகாது. இன்னிக்கு நான் பேசப்போறது முகவரியைப் பத்தி. கேக்கவே போர் அடிக்கும், தெரியும். ஆனா என்னோட முதல் ரெண்டு மாசத்தை முழுங்கினது அதுதான்.

நரிட்டாவிலோ ஹனேடாவிலோ இறங்கும்போது இமிகிரேஷன்லயே ரெசிடென்ஸ் கார்டு கையில கொடுத்துடுவாங்க. வெளியில எங்க போனாலும் அது கூடவே இருக்கணும், சட்டம். ஆனா அதுல முகவரி இருக்க வேண்டிய இடத்துல 'இன்னும் முடிவாகவில்லை'ன்னு போட்டிருக்கும். தங்க ஒரு இடம் கிடைச்ச 14 நாளுக்குள்ள அந்தப் பகுதி வார்டு ஆபீஸுக்குப் போய்ப் பதிவு பண்ணணும். கார்டோட பின்பக்கத்துல முகவரியை ஏத்திக் கொடுப்பாங்க.

சிம்பிளா இருக்கே? இங்கதான் சிக்கல். வீடு வாடகைக்குக் கேட்டா ஜப்பான் போன் நம்பர் கேப்பாங்க. போன் கனெக்‌ஷன் வாங்கப் போனா, கார்டுல முகவரி வேணும், மாசாமாசம் பணம் கட்ட பேங்க் அக்கவுண்டோ கிரெடிட் கார்டோ வேணும். பேங்க்ல முகவரியும் வேணும், போன் நம்பரும் வேணும். முகவரிக்கு வீடு வேணும். காலேஜ்ல ஆபரேட்டிங் சிஸ்டம் பேப்பர்ல டெட்லாக்னு ஒண்ணு படிச்சோமே, ஒவ்வொருத்தனும் இன்னொருத்தன் கையில இருக்கிறதுக்காகக் காத்துக்கிட்டு நிப்பான்? அதேதான். அந்தப் பாடம் வாழ்க்கையில உதவாதுன்னு சொன்னவன் நான்.

இதை உடைக்க எனக்குக் கிடைச்ச வழி, மந்த்லி மேன்ஷன். பேரைக் கேட்டு மாளிகைன்னு நினைக்காதீங்க, ஜப்பான்ல மேன்ஷன்னா சாதாரண அபார்ட்மெண்ட். திருவல்லிக்கேணி மேன்ஷனை நினைச்சுக்கோங்க, என்ன, பாத்ரூம் உள்ளேயே இருக்கும். கட்டில், ஃப்ரிட்ஜ் எல்லாம் போட்டு மாசக் கணக்குல வாடகைக்கு விடுவாங்க. புக் பண்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இந்த முகவரியை வார்டு ஆபீஸ்ல பதிவு பண்ணலாமா? சில இடத்துல கூடாதும்பாங்க. அப்படின்னா அந்த இடம் எவ்வளவு மலிவா இருந்தாலும் வேண்டாம்.

அடுத்தது பேர். நம்ம ஊர்ல இனிஷியல்தான், குடும்பப் பேர்னு ஒண்ணு கிடையாது. என் பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டத்துல அப்பா பேர். ஜப்பான்ல குடும்பப் பேரோட 'சான்' சேர்த்துதான் கூப்பிடுவாங்க. முதல் நாள் ஆபீஸ்ல எல்லாரும் எங்கப்பாவைக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க, நான் பேசாம உக்காந்திருந்தேன். இது சிரிச்சுட்டுப் போற விஷயம். கதகானா சிரிக்கிற விஷயம் இல்ல. பேங்க்ல உங்க பேரை அந்த எழுத்துலதான் பதிவாங்க. அதுல ல, ர ரெண்டுக்கும் ஒரே எழுத்து, ழ-வைப் பத்திப் பேசவே வேண்டாம். நான் ஆபீஸ் ஃபார்ம்ல ஒரு மாதிரியும் பேங்க்ல வேற மாதிரியும் எழுதிட்டேன். வித்தியாசம் ஒரே ஒரு நெடில் கோடு. ஸ்ட்ரிங் மேட்ச் ஆகலை, முதல் மாச சம்பளம் திரும்பிப் போயிடுச்சு. கையில ஊர்ல இருந்து கொண்டுவந்த காசு தீரப்போற நேரம். அதனால முதல் நாளே உங்க பேர் கதகானாவுல எப்படின்னு முடிவு பண்ணி, போன்ல சேவ் பண்ணி, எல்லா இடத்துலயும் அதையே காப்பி பேஸ்ட் பண்ணுங்க.

அப்புறம் நிரந்தர வீடு. டெபாசிட் தனி. அதுக்கு மேல 'ரெய்கின்'னு ஒண்ணு, வீட்டுக்காரருக்கு நன்றி சொல்லிக் கொடுக்கிற பணம், திரும்ப வராது. புரோக்கர் கமிஷன். உங்களுக்கு ஜாமீன் நிக்கிற கம்பெனிக்கு ஒரு தொகை. இதெல்லாம் தர ரெடின்னாலும் சிலர் வெளிநாட்டவருக்கு விடமாட்டாங்க. புரோக்கர் என் முன்னாடியே போன் போட்டு, 'கைகோகுஜின்'னு ஆரம்பிச்சு, ரெண்டு தடவை தலையாட்டி, வச்சுட்டு, அடுத்த பேப்பரைத் திருப்புவார். 'வெளிநாட்டவர்' என்பதற்கு ஜப்பானிய வார்த்தையை நான் கத்துக்கிட்டது அங்கதான். ஒரு சாயங்காலத்துல நாலு போன். கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம் இருந்தது.

கடைசியில கைகொடுத்தது யூஆர் குடியிருப்பு, அரசு சார்ந்த வாடகை வீடுகள். ரெய்கின் இல்ல, கமிஷன் இல்ல, ஜாமீன் இல்ல, வருமானச் சான்று போதும். எடோகாவா வார்டுல இருக்கிற நிஷி கசாய்ல இத்தனை இந்தியர்கள் இருக்கிறதுக்கு இது ஒரு முக்கியக் காரணம். 2000-ஐ ஒட்டி ஒய்டூகே வேலைக்காக வந்த எஞ்சினியர்கள், தோஸாய் லைன்ல ஓதேமாச்சி பக்கம் நேரா ஆபீஸ் போகலாம்னு அங்க குடியேறினாங்க. பின்னாடியே மளிகைக் கடைகளும் வந்துச்சு.

வீடு கிடைச்சதும் அம்மா போன்ல, "பார்சல் அனுப்பணும், தெரு பேர் என்னடா?"ன்னாங்க. தெருவுக்குப் பேர் இல்லம்மான்னேன். நம்பவே இல்ல. உண்மைதான். பெரிய ரோடுகளுக்குப் பேர் உண்டு, ஆனா முகவரியில வராது. உதாரணத்துக்கு 3-12-8ன்னு வச்சுக்கோங்க. 3 என்பது அந்தப் பகுதியோட ஒரு பிரிவு, சோமே. 12 என்பது அதுக்குள்ள ஒரு பிளாக், சுத்தி நாலு பக்கமும் ரோடு. பேர் பிளாக்குக்குத்தான். ரோடு என்பது ரெண்டு பிளாக்குக்கு நடுவுல விட்ட இடைவெளி, அவ்வளவுதான். 8 எப்படி வருதுங்கிறதுதான் எனக்குப் பிடிச்ச விஷயம். 1962-ல வந்த சட்டப்படி, பிளாக்கைச் சுத்தி பத்துப் பதினைஞ்சு மீட்டருக்கு ஒரு நம்பர்னு பொதுவா கடிகாரச் சுற்றுல போட்டுக்கிட்டே போவாங்க. வாசல் எந்த இடத்துல விழுதோ அந்த நம்பர் வீட்டுக்கு. அதனால ரெண்டு வீட்டுக்கு ஒரே நம்பர் வரலாம், நடுவுல நம்பர் குதிக்கலாம், எதிர்வீடு வேற பிளாக்காவே இருக்கலாம். கம்பத்துலயும் சுவர்லயும் சின்னத் தகடுல சோமேயும் பிளாக் நம்பரும் இருக்கும். தொலைஞ்சு போனா கோபான், அதாவது குட்டிப் போலீஸ் பூத், உள்ள ஏரியா மேப் வச்சிருப்பாங்க. வழி சொல்றது அவங்க வேலையில பாதி.

இது புரிஞ்ச பிறகுதான் எனக்கு ஊர் சுத்தத் தைரியம் வந்தது. யாமனோதே வட்ட ரயில் 34.5 கிலோமீட்டர், 30 ஸ்டேஷன், ஒரு சுத்து ஏறக்குறைய ஒரு மணி நேரம். எல்லாரும் அதுல ஏறி பெரிய ஸ்டேஷன்கள்ல மட்டும் இறங்குவாங்க. நான் சொல்றது, ஒரு ஸ்டேஷன்ல இறங்கி அடுத்ததுக்கு நடங்க. மேப்பை மூடிட்டு, தகடைப் படிச்சுக்கிட்டே. நிப்போரி பக்கம் யானகாவுல ஆரம்பிக்கலாம். 1923 பூகம்பத்துலயும் போர்க்காலக் குண்டுவீச்சுலயும் பெருமளவு தப்பின இடம், சந்துகள் பழைய மாதிரியே வளைஞ்சு போகும்.

வார்டு ஆபீஸ்ல முகவரி பதிஞ்ச அன்னிக்கு எனக்கு ஒரு கட்டுப் பேப்பர் கொடுத்தாங்க. அதுல வெள்ள அபாய மேப் ஒண்ணு. எடோகாவா வார்டுல சுமார் 70 சதவீத நிலம், கடல் ஏறும் நேரத்துல கடல் மட்டத்துக்குக் கீழ. 2019-ல வந்த மேப்போட அட்டையில, பெருவெள்ளம் வரும்னா இங்க இருக்காதீங்க, வார்டை விட்டு வெளிய போங்கன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. எவ்வளவு அலைஞ்சு வாங்கின முகவரி! முதல் வேலையா அதை விட்டு எப்படி ஓடணும்னு சொல்லித் தர்றாங்க. வீட்டுக்கு வந்து அந்த மேப்பை ஃப்ரிட்ஜ்ல ஒட்டினேன். வெளிய ஸ்பீக்கர்ல சாயங்கால மணி இசை கேட்டது. குழந்தைகளை வீட்டுக்குக் கூப்பிடத்தான்னு நினைச்சிருந்தேன். பேரிடர் அறிவிப்பு ஸ்பீக்கர் வேலை செய்யுதான்னு தினமும் அப்படித்தான் டெஸ்ட் பண்றாங்களாம்.

அம்மாவோட பார்சல் மூணு வாரத்துல வந்துச்சு. 3, 12, 8 மாதிரி மூணு நம்பரை எழுதிட்டு, நம்பிக்கை இல்லாம பக்கத்துல 'ரயில்வே ஸ்டேஷன் அருகில்'னு தமிழ்லயும் எழுதியிருந்தாங்க. குப்பை பிரிக்கிறதைப் பத்தி இன்னிக்கு நான் வாயே திறக்கலை. அதுக்கு ஒரு முழு எபிசோட் வேணும், அடுத்த வாரம் பேசுவோம்.