இமையளக்கும் கருவி

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடும் பெருஞ்சரக்குந்துகள் பலவற்றில், முகப்புக் கண்ணாடியின் உட்புறத்தே உள்ளங்கையில் அடங்கும் கருவியொன்று பொருத்தப்பட்டுள்ளது. அதற்கு வில்லைகள் இரண்டு. ஒன்று சாலையை நோக்கும். மற்றொன்று ஓட்டுநரை நோக்கும். சாலையை நோக்கும் வில்லையோடு ஓட்டுநர்களுக்குப் பெரும் பூசல் இல்லை. குறுக்கே பாய்ந்த மகிழுந்தின் பிழையா, சரக்குந்தின் பிழையா என்று வழக்கு எழும்போது பல நேரங்களில் அதுவே அவர்களைக் காக்கும் சான்று. பூசல் எல்லாம் உள்நோக்கும் வில்லையைப் பற்றியதே. சரக்குந்துத் தொழில்துறை தானே நடத்தும் அமெரிக்கப் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. உள்நோக்குப் படக்கருவிக்குச் சுழியம் முதல் பத்து வரை மதிப்பெண் இடுமாறு, அதனைப் பயன்படுத்தி வந்த ஓட்டுநர்களைக் கேட்டபோது கிடைத்த சராசரி 2.24. தொழிற்சங்கம் எடுத்த கணக்கன்று இது. ஆதலால் இதன் எடை கூடுகிறது.

இவ்வெறுப்பைப் பழமைவாதம் என்று ஒதுக்குவோர் உண்டு. ஒதுக்குமுன், அக்கருவி யாது செய்கிறது என்பதைக் காண்போம்.

கண்ணயர்வை அளக்கும் முயற்சி பழையது. அமெரிக்காவின் வர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வால்டர் வியர்வில் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் 1994இல் ஓர் அளவையை முன்வைத்தனர். கண்மணியை இமை 80 விழுக்காட்டுக்கு மேல் மூடியிருக்கும் நேரம், மொத்த நேரத்தில் எத்தனை விழுக்காடு என்பதே அவ்வளவை. இயல்பான கண்சிமிட்டல் நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் முடிந்துவிடும். அதனால் கணக்கு பெரிதும் உயராது. அயர்வுற்றவரின் இமையோ மெல்லத் தாழ்ந்து, தாழ்ந்த நிலையிலேயே தங்கி, மெல்ல எழும். பின்னர் இவ்வளவையைப் பிறவற்றோடு ஒப்பிட, ஆய்வாளர்கள் உறக்கமிழந்தோரை அமர்த்தி, விளக்கு ஒளிர்ந்ததும் பொத்தானை அழுத்தச் சொல்லி, அவர்கள் அரை நொடிக்கு மேல் தாமதித்த தருணங்களை எண்ணினர். 1998இல் வெளியான அந்த ஒப்பீட்டில், தேர்வுக்கு எடுத்த அளவைகளுள் இமையளவையே கவனச்சிதைவோடு மிக நெருங்கிப் பொருந்தியது. உள்ளத்தின் சோர்வை உடலின் ஒரு சிறு தசையில் படிக்கலாம் என்பது உண்மையிலேயே அழகிய கண்டுபிடிப்பு.

ஆயினும் சோர்வு பெரும்பாலும் இருளில் வருவது. ஓட்டுநர் முகத்தில் விளக்கைப் பாய்ச்சினால் சாலை தெரியாது. இதற்கு விடையாக வந்தது மனிதக் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி. சிலிக்கன் உணரிகள் ஏறத்தாழ 1,100 நானோமீட்டர் அலைநீளம் வரை ஒளியை உணரும். நம் விழியோ 700ஐத் தாண்டியதும் குருடாகிவிடும். இவ்விடைவெளியில்தான் கருவி வாழ்கிறது. பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய தொடக்ககாலக் கருவி 850, 950 நானோமீட்டர் அலைநீளங்களில் இரு படங்களை எடுத்தது. முதல் ஒளியை விழித்திரை திருப்பி அனுப்புவதால் கண்மணி பளிச்சிடும். இரண்டாம் ஒளியைக் கண்ணுள் இருக்கும் நீர் விழுங்கிவிடுவதால் அது மங்கும். ஒரு படத்திலிருந்து மற்றொன்றைக் கழித்தால் முகமெல்லாம் மறைந்து, இரண்டு கண்மணிகள் மட்டும் எஞ்சும். இக்காலக் கருவிகள் பல 940 நானோமீட்டரை அண்டியே இயங்குகின்றன. காற்றிலுள்ள நீராவி கதிரவனின் ஒளியில் அப்பகுதியை ஓரளவு உறிஞ்சிவிடுவதால், பகல் வெயிலிலும் கருவியின் சொந்த ஒளி தனித்துத் தெரியும். கறுப்புக் கண்ணாடிகள் பலவற்றையும் இவ்வொளி எளிதாக ஊடுருவும்.

படம் கிடைத்தபின் பணி கணினியுடையது. பன்னூறாயிரம் முகங்களைக் கொண்டு பழக்கப்பட்ட நரம்பியல் வலைப்பின்னல், இமையோரம், மூக்குநுனி, வாய்முனை ஆகியவற்றைக் குறித்து, தலை எப்பக்கம் திரும்பியது, பார்வை எங்கே சென்றது, கையில் கைப்பேசி உண்டா என்று முடிவுரைக்கும். இம்முடிவுகளுக்குத் தேவையில்லை என்று சொல்லிவிட முடியாது. வர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து ஆய்வகம் 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, வண்டி ஓட்டியவாறே கைப்பேசியில் செய்தி தட்டும் சரக்குந்து ஓட்டுநருக்கு இடர் நேரும் வாய்ப்பு 23.2 மடங்கு. ஆறு நொடி இடைவேளையில் 4.6 நொடி அவர் பார்வை சாலையில் இல்லை. மணிக்கு 100 கிலோமீட்டர் விரைவில் ஒரு நொடிக்கு 28 மீட்டர் கடக்கும் ஊர்தி அது. அதன் சட்டப்படியான உச்ச எடை ஏறத்தாழ 36 டன்.

ஆகவே கருவி பயனுடையது. ஆனால் அது பிழைபடும். எவ்வளவு பிழைபடும் என்பதில்தான் முதற்சிக்கல் முளைக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி, பத்து மணி நேரத் தொடர் ஓய்வுக்குப் பின் 14 மணி நேரச் சாளரத்துக்குள் 11 மணி நேரம் வண்டி ஓட்டலாம். அதாவது 660 நிமிடங்கள். நிமிடத்துக்கு ஒரு முறை கருவி 'விழிப்பு' அல்லது 'அயர்வு' என்று தீர்ப்பளிப்பதாகவும், அத்தீர்ப்புகள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியாக இருப்பதாகவும் கொள்வோம். முழு விழிப்போடு ஓட்டிய ஒருவர் மீதே நாளொன்றுக்கு ஆறேழு முறை பொய்க்குற்றம் சாரும். நூறு வண்டி வைத்திருக்கும் நிறுவனத்தின் மேற்பார்வையாளர் மேசைக்கு நாள்தோறும் 660 பொய்யறிவிப்புகள் வரும். உண்மையான கண்ணயர்வு அரிதாகவே நிகழ்வதால், மேசைக்கு வருவனவற்றுள் பெரும்பகுதி பொய்யாகவே இருக்கும். கருவி கெட்டது என்பதன்று இதன் பொருள். அரிதான ஒன்றைத் தேடும் சோதனை எதுவாயினும், நோயறியும் குருதிச் சோதனை உட்பட, இக்கணக்கிலிருந்து தப்புவதில்லை.

இனி அப்பொய்யறிவிப்பு எங்கே செல்கிறது என்பதைப் பாருங்கள். ஓட்டுநர் அறைக்குள்ளேயே ஒலித்து ஓய்ந்தால் அது ஒரு சிறு தொல்லை. அலுவலகத்துக்குச் சென்றால் அது ஒரு குற்றச்சாட்டு. வில்லையும் ஒளியும் கணிப்பும் இரண்டிலும் ஒன்றே. படம் செல்லும் வழியும் தங்கும் காலமும் மட்டுமே வேறு. தனியுரிமை என்னும் பெருஞ்சிக்கல் இங்கே பொறியியலாளரின் சுற்று வரைபடத்தில் தீர்மானமாகிவிடுகிறது என்பது என் கருத்து. அவ்வரைபடத்தை எவரும் வாக்கெடுப்புக்கு விடுவதில்லை என்பதே குறை.

ஐரோப்பிய ஒன்றியம் இதனை உணர்ந்தே சட்டம் இயற்றியது. 2019/2144 என்னும் எண் கொண்ட ஒழுங்குவிதி, அயர்வை எச்சரிக்கும் அமைப்பைப் புது ஊர்திகளுக்குக் கட்டாயமாக்கியது: புது வடிவமைப்புகளுக்கு 2022 சூலை முதல், விற்பனையாகும் புது ஊர்தி அனைத்துக்கும் 2024 சூலை முதல். கட்டாயமாக்கிய அதே விதி ஒரு வேலியையும் இட்டது. அமைப்பு இடைவிடாது பதிவு செய்தலாகாது. தன் நோக்கத்துக்குத் தேவையானதற்கு மேல் எதனையும் வைத்திருத்தலாகாது. தரவு மூடிய சுற்றுக்குள்ளேயே சுழன்று, செயலாக்கம் முடிந்த உடனே அழிதல் வேண்டும். எக்காலத்தும் மூன்றாமவர் கைக்கு எட்டலாகாது. முகம் அறிதல் முதலிய உடலடையாளத் தரவுகள் இன்றியே அயர்வு எச்சரிப்பு இயங்க வேண்டும் என்று துணைவிதி கூறுகிறது. எச்சரிக்க வேண்டிய அளவுக்கும் ஓர் எல்லை வகுத்தனர்: சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தின் பெயர்தாங்கிய ஒன்பது படி அயர்வு அளவுகோலில் எட்டாம் படி. இந்த விதிக்கு உட்பட்ட அமைப்பு எச்சரித்துவிட்டு மறந்துவிடும்.

அமெரிக்க வழி வேறு. அங்கே உள்நோக்குப் படக்கருவியைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை; நிறுவனங்களும் காப்பீட்டாளரும் இழப்பீட்டு வழக்குகளின் அச்சமும் சேர்ந்து அதனைக் கொண்டுவந்தன. 1998இல் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் தோன்றிய டிரைவ்கேம் என்னும் நிறுவனம் இத்துறையின் முன்னோடி. அதன் நுட்பம் எளியது. நினைவகம் வட்டமாகச் சுழன்று பழையதை அழித்துப் புதியதை எழுதிக்கொண்டே இருக்கும். முடுக்கமானி ஒரு குலுக்கலையோ திடீர்த் தடுப்பையோ உணர்ந்தால் மட்டுமே, முன்னும் பின்னுமாகச் சில நொடிகள் நிலைத்த பதிவாகும். மறத்தலையே இயல்பாகவும் நினைத்தலை விலக்காகவும் கொண்ட வடிவமைப்பு இது. நினைவகம் மலிந்து, கம்பியில்லா இணைப்பு எங்கும் பரவியபின், நிலைமை தலைகீழானது. இன்று குலுக்கல் வேண்டியதில்லை, கொட்டாவி போதும்.

தொழிலாளரைக் கண்காணிக்கும் எண்ணம் புதிதன்று. நடுவே காவற்கோபுரம் கொண்ட, சிறைக்கான வட்டக் கண்காணிப்புக் கட்டடத்தை ஆங்கில மெய்யியலாளர் ஜெரமி பெந்தாமின் பெயரோடு சேர்த்துப் பேசுவது வழக்கம். அதன் மூலக்கருத்து அவர் தம்பி சாமுவேலுடையது. 1780களில், இன்றைய பெலருசில் உள்ள கிரிச்செவ் என்னும் ஊரில், உருசியப் பெருமகன் பொத்தெம்கினின் பண்ணைத் தொழிலாளரை மேற்பார்வையிட அவர் அதனை எண்ணினார். தொழிற்கூடமே முதலில், சிறை பிறகே. ஆனால் அந்தக் கோபுரத்துக் காவலர் கண்டது கண்ட கணத்தோடு போயிற்று. அவருக்கு 14 மாதத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமையைத் திரும்பப் பார்க்கும் ஆற்றல் இல்லை.

தொலைதூரச் சரக்குந்தில் இந்தக் கண்காணிப்புச் சிக்கல் மேலும் கூர்மையடைகிறது. அவ்வண்டியின் ஓட்டுநர் அறை பணியிடம் மட்டுமன்று. இருக்கைக்குப் பின்னால் படுக்கை உண்டு. ஓட்டுநர் வாரக்கணக்கில் அங்கேயே உடைமாற்றி, உண்டு, மனைவி மக்களோடு தொலைபேசியில் பேசி, உறங்குகிறார். வில்லையின் மேல் ஒட்டுத்தாளை ஒட்டுவதும் தொப்பியை மாட்டுவதும் ஓட்டுநரிடையே பெருகியதற்கு இதனைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஓட்டம் நின்றதும் தானே மூடிக்கொள்ளும் கதவொன்றை வில்லைக்கு அமைப்பது அரிய பொறியியல் அன்று.

எல்லை வகுக்க இயலும் என்பதற்கு அமெரிக்காவிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. 2017 திசம்பர் முதல் சரக்குந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு மின்னணுப் பணிநேரப் பதிவுக்கருவி கட்டாயம். அதற்கு முந்தைய விதியொன்றை 2011இல் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியிருந்தது. ஓட்டுநரைத் துன்புறுத்த அக்கருவி பயன்படாமல் தடுப்பது எங்ஙனம் என்பதை அரசு எண்ணிப் பார்க்கவில்லை என்பதே காரணம். வழக்காடியது தனியுடைமை ஓட்டுநர்களின் சங்கம். திருத்திய விதியில் துன்புறுத்தலுக்குத் தடை வந்தது; ஓட்டுநர் படுக்கையில் இருக்கும்போது கருவியின் ஒலியை அடக்கும் வசதி வந்தது. இவற்றினும் நுண்ணியது இடக்குறிப்பு பற்றிய விதி. பணிநேரத்தில் வண்டியின் நிலநேர்க்கோடும் நிலநிரைக்கோடும் பதின்மப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு பதியும். ஓட்டுநர் தம் சொந்த வேலையாகச் செல்லும்போது ஓர் இலக்கத்தோடு நின்றுவிடும். 0.01 பாகை என்பது வடக்குத் தெற்காக ஏறத்தாழ 1.1 கிலோமீட்டர், 0.1 பாகை 11 கிலோமீட்டர். ஒரே ஓர் இலக்கத்தை வெட்டியதால், அவர் எந்த ஊர்ப்பக்கம் சென்றார் என்பது தெரியும், எந்த வீட்டுக்குச் சென்றார் என்பது தெரியாது. தனியுரிமைச் சட்டங்களுள் இவ்வளவு சிக்கனமான ஒன்றை நான் கண்டதில்லை. முகப்படத்துக்கு இத்தகைய விதி எதுவும் அங்கே நாடு தழுவி இல்லை.

மாநில அளவில் இல்லினாய் 2008இல் உடலடையாளத் தரவுச் சட்டம் இயற்றியது. கடவுச்சொல் களவுபோனால் மாற்றலாம். விரல்ரேகையையும் முகவமைப்பையும் மாற்ற இயலாது. ஆகவே எழுத்து வழி ஒப்புதல் இன்றி அவற்றைத் திரட்டலாகாது என்பது அதன் அடிப்படை. அச்சட்டத்தின்படி நடுவர்குழு முன் தீர்ப்பான முதல் வழக்கே சரக்குந்து ஓட்டுநர்களுடையது. தொடர்வண்டி நிறுவனமான பிஎன்எஸ்எஃப் தன் சரக்கு முனைய வாயில்களில் ஓட்டுநரின் விரல்ரேகையைப் பதித்து வந்தது. 2022 அக்டோபரில் சிகாகோ நடுவர்குழு 45,600 மீறல்களைக் கண்டது. மீறலொன்றுக்கு 5,000 டாலர் வீதம் 22.8 கோடி டாலர் இழப்பீடு விதிக்கப்பட்டது. பின்னர் நீதிபதி அத்தொகையை நீக்கி மறுவிசாரணைக்கு ஆணையிட, வழக்கு 7.5 கோடி டாலருக்கு இணக்கமாக முடிந்தது. முகத்தை அளக்கும் படக்கருவிகள் குறித்தும் அச்சட்டத்தின்படி வழக்குகள் எழுந்துள்ளன.

இத்தனைக்கும் பின் ஒரு கேள்வி எஞ்சுகிறது: ஓட்டுநர் ஏன் அயர்கிறார்? கண்காணிப்பு இறுகினால் இடர் குறையும் என்பது எளிய எதிர்பார்ப்பு. பணிநேரப் பதிவுக்கருவி கட்டாயமானபின் நிகழ்ந்ததை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு ஒன்று அவ்வாறு காணவில்லை. நேரவரம்பு மீறல்கள் குறைந்தன, நேர்ச்சிகள் குறையவில்லை, சிறு நிறுவனங்களின் ஓட்டுநர்களிடம் விரைவு மீறல் முதலிய தீய ஓட்டப்போக்குகள் கூடின. காரணம் விளங்காததன்று. அமெரிக்க ஓட்டுநர் பலருக்குக் கூலி மைல்கணக்கில். 1938ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் மிகைநேர ஊதியத்திலிருந்து அவர்களை விலக்கி வைத்திருக்கிறது. 14 மணி நேரச் சாளரமோ, கிடங்கு வாயிலில் சரக்கேற்றக் காத்திருக்கும்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே இழந்த மூன்று மணி நேரத்தைச் சாலையில்தான் மீட்டாக வேண்டும்.

அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தலைமைத் தணிக்கை அலுவலகம் 2018இல் இதனைக் கணித்தது: கிடங்கில் காத்திருக்கும் சராசரி நேரம் 15 நிமிடம் கூடினால், எதிர்பார்க்கும் நேர்ச்சி வீதம் 6.2 விழுக்காடு உயர்கிறது. அதே அறிக்கை, காத்திருப்பு பற்றி நாடளாவிய துல்லியமான தரவு எதுவும் இல்லை என்றும் கூறியது. ஒப்பந்தத்தில் குறித்த வரம்புக்கு மேற்பட்ட நேரத்தை மட்டுமே பெரும்பாலோர் குறித்துக்கொள்கின்றனராம். இமையின் தாழ்வை நொடிக்குப் பன்முறை அளக்கும் தொழில்துறைக்குக் கிடங்கு வாயிலில் கழியும் மணிகளை எண்ண நேரமில்லை போலும். வண்டி எவ்விடத்தில் எப்போது நின்றது, எப்போது நகர்ந்தது என்பதைப் பணிநேரப் பதிவுக்கருவி ஏற்கெனவே அறியும். சரக்கேற்றம் தொடங்கிய வேளையையும் முடிந்த வேளையையும் குறிக்க அதில் கூடுதலாக வேண்டுவது ஒரு பொத்தான். அதனை அழுத்தும் உரிமை ஓட்டுநருக்கும், அப்பதிவுக்கு விடை கூறும் கடமை கிடங்குக்காரருக்கும் இருக்க வேண்டும்.