கையெழுத்துக்கு முன் கேளுங்கள்

மாலையில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திய பிறகு புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நடக்க வருபவர்களைப் பாருங்கள். காந்தி சிலை அருகே உட்காரும் அறுபது வயது அம்மாக்கள் பலரும் தொடையில் இரண்டு கைகளையும் ஊன்றித்தான் எழுகிறார்கள். கேட்டால், "ஜவ்வு தேஞ்சு போச்சுப்பா, ஆபரேஷன்தான்னுட்டாங்க" என்பார்கள்.

முட்டியில் தேய்ந்த ஜவ்வு மறுபடி வளராது, உண்மைதான். ஆனால் எக்ஸ்ரேயில் நிறையத் தேய்ந்திருந்தும் வலியே இல்லாதவர்கள் உண்டு. முட்டியைத் தாங்குவது தொடையின் முன்தசை. வலிக்கிறதே என்று முடங்கினால் அது மெலிந்து, சுமை மூட்டில் இறங்கும். காலை நீட்டிப் படுத்து, முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முட்டியால் அதைக் கீழே அழுத்துங்கள். ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். காலை பத்து முறை, மாலை பத்து முறை. பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும். உடலில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு ஏறத்தாழ 4 கிலோ சுமை குறைகிறது.

எனக்குப் பெரிய கவலை, டாக்டர் சீட்டில்லாமல் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரைகள். சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்களின் சிறுநீரகத்தை அவை கெடுத்துவிடும். வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியும். பெயர் எழுதாத பொட்டல மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். முட்டி சிவந்து சூடாக வீங்கிக் காய்ச்சலும் வந்தால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எல்லாம் செய்தும் வலி இரவில் தூங்க விடவில்லையென்றால் மூட்டு மாற்று நல்ல சிகிச்சைதான். ஆனால் விலையைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை மூட்டுகளுக்கு உச்சவிலை விதித்தது. சராசரியாக 1,58,000 ரூபாய்க்கு விற்ற கோபால்ட் குரோமியம் மூட்டு, வரி நீங்கலாக 54,720 ஆனது. உச்சவிலை அவ்வப்போது திருத்தப்படுவதால் இன்றைய தொகையைக் கேளுங்கள். இது மூட்டுக்கு மட்டும். டாக்டர் கட்டணமும் அறை வாடகையும் தனி. மூட்டின் விலையை, கம்பெனி பெயர், பிராண்டு, பேட்ச் எண்ணோடு பில்லில் தனியாகக் காட்ட வேண்டும் என்பது உத்தரவு. உச்சவிலைக்குக் கூடுதலாக வாங்கியிருந்தால் விலை நிர்ணய ஆணையத்திடம் புகார் செய்யலாம். பணம் கட்டிப் பெறும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. குறைபாடு இருந்தால் 2 ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும்.

தனியாரில் முன்பணம் கட்டுமுன் ஜிப்மரிலோ, இந்திரா காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலோ எலும்பு மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, 2024 அக்டோபரிலிருந்து வருமானம் பார்க்காமல் ஆயுஷ்மான் அட்டை உண்டு; ஆண்டுக்கு 5 லட்சம் வரை. நீங்கள் சேரும் ஆஸ்பத்திரியும் மூட்டு மாற்று ஆபரேஷனும் அதில் அடங்குமா என்று முன்பே விசாரியுங்கள்.

உள்ளே பொருத்திய மூட்டின் ஸ்டிக்கரைக் கேஸ் ஷீட்டில் ஒட்டியிருப்பார்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது அதன் நகலைக் கேட்டு வாங்கி, டிஸ்சார்ஜ் சீட்டோடு வைத்திருங்கள். பல வருடம் கழித்து மூட்டை மாற்ற நேர்ந்தால், டாக்டர் முதலில் கேட்பது அந்த ஸ்டிக்கரில் உள்ள எண்களைத்தான்.