பள்ளிகளில் கொடுமைப்படுத்தலைத் தடுத்தல்: கூட்டுப் பொறுப்பு

பள்ளிக் கொடுமைப்படுத்தல் என்பது ஒரு மாணவரை இன்னொருவரோ ஒரு குழுவோ வேண்டுமென்றே, மீண்டும் மீண்டும் துன்புறுத்துவதாகும். அடித்தல், பட்டப்பெயர் சொல்லிக் கேலி செய்தல், விளையாட்டில் சேர்க்காமல் ஒதுக்குதல், பொய்ச்செய்தி பரப்புதல், இணையத்தில் அவமதித்தல் ஆகியவை இதன் வடிவங்கள். பாதிக்கப்படுபவர் தம்மைக் காத்துக்கொள்ள இயலாத நிலையில் இருப்பதால், இது சமவலிமை உள்ளவர்களின் சண்டையிலிருந்து வேறுபடுகிறது.

நோர்வேயின் முயற்சி

1982-ஆம் ஆண்டின் இறுதியில் வடக்கு நோர்வேயில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டனர். சக மாணவர்களின் கொடுமையே இதற்குக் காரணமாக இருக்கலாம் எனக் கருதப்பட்டது. இதையடுத்து 1983-இல் கல்வி அமைச்சு நாடு தழுவிய இயக்கத்தைத் தொடங்கியது. உளவியலாளர் டான் ஓல்வேயஸ் பேர்கன் நகரின் 42 பள்ளிகளில், சுமார் 2,500 மாணவர்களிடையே இதன் விளைவை ஆராய்ந்தார். பெயர் குறிப்பிடாத வினாத்தாள், இடைவேளைக் கண்காணிப்பு, தெளிவான வகுப்பு விதிகள், பெற்றோருடன் கலந்துரையாடல் ஆகியவை இத்திட்டத்தின் கூறுகள். இரண்டு ஆண்டுகளில் கொடுமைப்படுத்தல் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

பார்த்து நிற்பவர்களின் பங்கு

பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழக ஆய்வாளர் கிறிஸ்டினா சால்மிவல்லியும் குழுவினரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு, வகுப்பின் பெரும்பாலான மாணவர்களுக்கு இதில் ஏதோ ஒரு பங்கு இருப்பதைக் காட்டியது. சிலர் கொடுமை செய்பவருக்குத் துணைபோகின்றனர். சிலர் சிரித்து ஊக்கம் தருகின்றனர். சிலர் விலகி நிற்கின்றனர். சிலரே பாதிக்கப்பட்டவருக்காகப் பேசுகின்றனர். கொடுமை செய்பவர் தேடுவது பெரும்பாலும் குழுவில் மதிப்பையே. சுற்றியிருப்போர் சிரிக்க மறுத்தால் அந்த மதிப்பு கிடைப்பதில்லை.

இந்தக் கருத்தின் அடிப்படையில் உருவான 'கிவா' திட்டம் 2009 முதல் பின்லாந்துப் பள்ளிகளில் பரவலாக்கப்பட்டது. இதில் எல்லா மாணவர்களுக்கும் பாடங்கள் உண்டு. புகார் எழும்போது பள்ளியின் பெரியவர்கள் அடங்கிய குழு முதலில் பாதிக்கப்பட்டவரிடமும், பின்னர் கொடுமை செய்தவர்களிடமும் தனித்தனியே பேசுகிறது. வகுப்பில் செல்வாக்குள்ள மாணவர்கள் பாதிக்கப்பட்டவருக்குத் துணைநிற்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். சில நாட்கள் கழித்து நிலைமை மீண்டும் விசாரிக்கப்படுகிறது.

பெரியவர்களின் பொறுப்பு

கொடுமை பெரும்பாலும் ஆசிரியர் இல்லாத இடங்களில் நிகழ்கிறது. எனவே விளையாட்டுத் திடல், கழிப்பறை, உணவுக்கூடம், பள்ளிப் பேருந்து ஆகியவற்றில் பணிபுரியும் அனைவரும் கண்டதைத் தெரிவிக்க வேண்டும். பள்ளிக்குப் போக மறுத்தல், பொருட்கள் அடிக்கடி தொலைதல், காரணமற்ற வயிற்றுவலி போன்ற அறிகுறிகளைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். "நீயும் திருப்பி அடி" என்ற அறிவுரை, வலிமை குறைந்த குழந்தையிடமே முழுச் சுமையையும் திருப்பிவிடுகிறது. சொன்னால் யாராவது கேட்பார்கள் என்ற நம்பிக்கை இருந்தால்தான் குழந்தை வாய் திறக்கும்.